சனிக்கிழமை மாலையில் தொடங்கும் ஒழுங்கு

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பல குடும்பங்களில் ஒரு தாளை எடுத்துத் தீர்மானங்கள் எழுதுவார்கள். தினமும் அதிகாலை ஜெபம், வீண் செலவு இல்லை, வீடு சுத்தம், டி.வி. குறைவு என்று பத்துப் பன்னிரண்டு வரும். பிப்ரவரிக்குள் அந்தத் தாள் வேதப் புத்தகத்துக்குள்ளேயே மடங்கிக் கிடக்கும். எழுதியவர்களுக்கு மனமில்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தீர்மானங்களுக்கு நாளும் குறிக்கவில்லை, அளவும் குறிக்கவில்லை. கோளாறு அங்கேதான்.

"சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது" என்ற வசனத்தைச் சுவரில் மாட்டாத சபை அலுவலகம் குறைவு. அது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். கொரிந்து சபையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பவுல் அவர்களுக்குப் பொதுவாகப் புத்தி சொல்லிவிட்டுப் போகவில்லை. இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர்பின் ஒருவராக என்று எண்ணிக்கை கொடுத்தார். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற ஆகாரம் விழுந்தபோதும் அப்படித்தான். தலைக்கு ஒரு ஓமர், ஏறத்தாழ 2 லிட்டர். மறுநாளுக்கு எடுத்து வைத்தது புழுத்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர் சேர்க்கக் கர்த்தர் சொன்னார், அது கெடவில்லை. வீட்டை ஒழுங்காக நடத்த இங்கே சொல்லும் வழிமுறை முழுவதும் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் போகிறது: 'போதும்' என்பதற்கு முன்கூட்டியே ஒரு எண், அதைச் செய்ய சபை வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிற ஒரு நாள்.

சனிக்கிழமை மாலை

முதல் ஆறு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். ஞாயிறு காலை அமைதியாக இருந்தால்தான் வீட்டார் மற்ற மாற்றங்களுக்கு ஒத்துவருவார்கள்.

ஞாயிறு காலை பெரும்பாலான வீடுகளில் எப்படிப் போகிறது என்று தெரியாதவர்கள் இல்லை. 8 மணி ஆராதனைக்கு 7.40-க்குச் சட்டை இஸ்திரி போடுவார்கள். பையனின் ஒரு காலுறையைக் காணோம். காணிக்கைக்குச் சில்லறை இல்லை. குக்கர் விசில் அடிக்கிறது. கோபத்தோடு பைக்கில் ஏறி, முதல் பாட்டு முடிந்தபிறகு கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். இந்த நாற்பது நிமிடக் குழப்பத்துக்குக் காரணமான வேலைகளைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மணி நேர வேலைதான். அதை அப்படியே முந்தின மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவே தள்ளிவிட வேண்டும்.

முதலில் உடுப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு ஹேங்கரில் முழு உடையும்: புடவை என்றால் ரவிக்கை, பாவாடை, பின், தலைமூடச் சால்வை போடுகிறவர்கள் என்றால் அதுவும். குழந்தைகளின் காலுறையைச் சுருட்டிச் செருப்புக்குள்ளேயே திணித்து வாசலருகே வையுங்கள். ஹூக் அறுந்ததா, பட்டன் தொங்குகிறதா என்று ஹேங்கரில் மாட்டும்போதே பார்த்துவிட வேண்டும். ஞாயிறு காலை ஊசியில் நூல் கோக்கிற வேலை வரவே கூடாது.

அடுத்து ஆலயப் பை. வேதப் புத்தகம், பாமாலை-கீர்த்தனைப் புத்தகம், மூக்குக்கண்ணாடி, பேனா, சிறு குறிப்பேடு, கைக்குட்டை, காணிக்கைக் கவர். இது ஒரு துணிப்பை. வருடம் முழுவதும் ஒரே ஆணியில் தொங்க வேண்டும், வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. ஆலயத்திலிருந்து வந்ததும் பையைக் காலி செய்யாமல் அப்படியே மாட்டிவிடலாம். அறிவிப்புத் தாளையும் ஓய்வுநாள் பாடசாலைத் தாள்களையும் மட்டும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஈஸ்டர் வரும்போது பை இரண்டு மடங்காக ஊதியிருக்கும்.

பிறகு சமையல். இதில் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் வாரத்திலேயே பெண்கள் அதிகம் உழைக்கிற நாள் ஞாயிறு. கறி எடுக்காத ஞாயிறு ஞாயிறே இல்லை என்கிறோம். ஆராதனையில் இருக்கிற அம்மாவின் மனம் அடுப்படியில் இருக்கிறது. ஓய்வுநாள் கட்டளையைப் படித்துப் பாருங்கள்: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன் எல்லாருக்கும் ஓய்வு என்று பெயர் சொல்லியிருக்கிறது. நம் வீட்டு ஓய்வு சமையலறை வாசலோடு நின்றுவிடுகிறது. அதனால் ஞாயிறு மதியத்துக்கு ஒரு குழம்பு, ஒரு ரசம், சோறு, அப்பளம், இவ்வளவு போதும் என்று குடும்பமாக முடிவு செய்யுங்கள். கறிக்குழம்பு வேண்டும் என்றால் தேங்காய்-மசாலா அரைப்பு, வெங்காயம் உரிப்பது, இஞ்சி-பூண்டு விழுது எல்லாம் சனி மாலையே முடிந்து பிரிட்ஜில் மூடி இருக்க வேண்டும். அரைத்த தேங்காய் வெளியே இருந்தால் காலைக்குள் புளித்துவிடும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மசாலாவை மட்டும் வறுத்துப் பொடித்து வைத்து, தேங்காயைக் காலையில் அரையுங்கள். இட்லி மாவைச் சனி காலையிலேயே ஆட்டினால் இரவுக்குள் பொங்கிவிடும், இரவு பிரிட்ஜில் வைத்துவிடலாம். மதியம் பாத்திரம் கழுவுவது ஆண்களும் பிள்ளைகளும். இதற்கு விலக்கு கிடையாது.

கடைசியாக, 7 மணிக்கு வேலையை நிறுத்துங்கள். முடியாதது முடியாததாகவே இருக்கட்டும். புனித ஆசீர்வாதப்பர் என்று கத்தோலிக்கர் சொல்லும் பெனடிக்ட், 6-ஆம் நூற்றாண்டில் தம் துறவு மடங்களுக்கு எழுதிய ஒழுங்குகளில், ஜெபத்துக்கான மணிச் சத்தம் கேட்டதும் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு வரச் சொல்கிறார். 'இதை மட்டும் முடித்துவிட்டு' என்பதுதான் எல்லா ஒழுங்கையும் கெடுக்கும் வாக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதில் தவறுவது எங்கே? சனிக்கிழமை மாலையை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிடுவதில். வேலையைப் பிரித்து, யார் எது என்று அடுக்களைக் கதவில் ஒட்டுங்கள். இன்னொன்று, ஒரு வாரம் விட்டுப்போனால் குற்றவுணர்வில் எல்லாவற்றையும் விட்டுவிடுவது. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று சொன்னவர் நம் ஆண்டவர். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் 5 மணி வரும்.

பதினைந்து நிமிடக் குடும்ப ஜெபம்

குடும்ப ஜெபம் நின்றுபோன வீடுகளில் காரணம் கேட்டால் நேரமில்லை என்பார்கள். உண்மையில் அது நீண்டுபோனதால்தான் நின்றது. நாற்பது நிமிட ஜெபம் நான்கு நாள் நடக்கும். பதினைந்து நிமிட ஜெபம் நாற்பது வருடம் நடக்கும்.

ஒரு கீர்த்தனையின் பல்லவியும் ஒரே ஒரு சரணமும், 3 நிமிடம். வேத வாசிப்பு பத்திலிருந்து பதினைந்து வசனம், 4 நிமிடம். ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றி வாசித்தால் வாசிக்கக் கற்கிற பிள்ளையும் சேர்ந்துகொள்ளும். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருப்பது. முதல் வாரம் சங்கடமாக இருக்கும், பிறகு அதுவே பிடித்துப்போகும். ஜெபம் 5 நிமிடம், அன்றைக்கு ஒருவர் மட்டும். கர்த்தருடைய ஜெபம், ஆசீர்வாதம், 2 நிமிடம். முடிந்தது. அப்பா அந்த நேரத்தில் பிள்ளைகளின் மார்க் குறைந்ததை ஜெபத்துக்குள் நுழைத்துப் பிரசங்கம் செய்யக் கூடாது. பிள்ளைகள் ஜெபத்தை வெறுக்கத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

நேரம் என்று பார்த்தால், இரவுச் சாப்பாட்டுக்கு முன்புதான் நல்லது. சாப்பிட்டபின் என்றால் சிறியவர்கள் தூங்கிவிடுவார்கள். கத்தோலிக்க வீடுகளில் காலை 6, நண்பகல் 12, மாலை 6 மணிக்கு மூவேளைச் செபம் என்ற பழைய வழக்கம் இருக்கிறது. கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு இருந்தால் மாலை மணியையே உங்கள் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

தனி வாசிப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் 3, ஞாயிறு 5 என்று போனால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது அதிகம். அவர்களுக்கு நாங்கள் சொல்வது நீதிமொழிகள்: 31 அதிகாரம், அன்றைய தேதி எதுவோ அந்த அதிகாரம். அடையாள நாடாவே தேவையில்லை. விட்டுப்போன நாளைப் பிடிக்க முயலாதீர்கள். 14-ஆம் தேதி விட்டுப்போனால் 15-ஆம் தேதி 15-ஆம் அதிகாரம்தான். பாக்கி சேர்வதால்தான் வாசிப்புத் திட்டங்கள் பாதியில் நிற்கின்றன.

பிள்ளைகள் இரண்டுக்கு மேல் இருக்கிற வீட்டுக்கு ஒரு யோசனை. இங்கிலாந்தில் எப்வர்த் என்ற ஊரின் போதகர் வீட்டில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி, ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கியிருந்தார். ஜானுக்கு வியாழன், சார்லசுக்குச் சனி. 1712-இல் அவர் எழுதிய கடிதத்தில் இந்த அட்டவணை இருக்கிறது. பெரியவரான பிறகும் ஜான் வெஸ்லி அந்த வியாழன் மாலையை நினைத்துத் தாய்க்கு எழுதினார். அரைமணி நேரம் போதும். மொட்டைமாடியிலோ வாசல்படியிலோ உட்காருங்கள். போன் உள்ளே இருக்கட்டும்.

சம்பள நாள்

கொரிந்தியருக்குப் பவுல் சொன்ன முறை எளியது: வாரத்தின் முதல் நாள்தோறும், வரவுக்குத் தக்கதாக, வீட்டிலேயே எடுத்து வைப்பது. சம்பளம் வந்த அன்றே, மளிகைக் கடைக்குப் போகுமுன், காணிக்கையைப் பிரித்துவிடுங்கள். மாத வரவு 30,000 ரூபாய், தசமபாகம் கொடுக்கிற வீடு என்றால் 3,000. அதைச் சபைக்கு, மிஷனரி ஊழியத்துக்கு, கஷ்டப்படுகிறவர்களுக்கு என்று மூன்றாகப் பிரித்து, சபைப் பங்கை அந்த மாதத்து ஞாயிறுகளின் தேதி எழுதிய நான்கு அல்லது ஐந்து கவர்களில் போட்டுவிடுங்கள். காணிக்கைப் பாட்டின்போது பர்ஸைத் துழாவி, அகப்பட்ட பத்து ரூபாயைப் போடுகிற நிலை அதோடு போய்விடும்.

கடன் இருக்கிற வீட்டுக்கு என்ன சொல்வது? "ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்பதும் அதே வேதம்தான். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். அப்பா அம்மாவின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டு ஆலயத்துக்குக் கொடுப்பதும் அதில்தான் சேரும். சிறிய தொகையாக இருந்தாலும் நிலையாக வையுங்கள். நகைக்கடனோ மகளிர் குழுக் கடனோ, சிறிய கடனை முதலில் அடைத்து முடியுங்கள். முடிந்த தவணைப் பணத்தை அடுத்த கடனுக்குத் திருப்பி விடுங்கள்.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சேவலையோ பலாப்பழத்தையோ கடைவிலையைப்போல் பல மடங்குக்கு ஏலம் எடுப்பது மகிழ்ச்சியான காணிக்கைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டார் என்று ஏறுவது காணிக்கையில் சேராது. வீட்டிலிருந்து கிளம்புமுன் ஒரு தொகையைப் பேசி முடிவு செய்து, அந்தப் பணத்தை மட்டும் கையில் கொண்டுபோங்கள்.

லெந்து நாட்களும் பீரோவும்

லெந்து என்கிற தவக்காலம் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால் 40. கறி விடுவது, பூ வைக்காமல் இருப்பது என்று பல வழக்கங்கள் இருக்கின்றன. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஒரு நாளைக்கு வீட்டின் ஒரு சிறு இடம். ஒரு இழுப்பறை, பீரோவின் ஒரு தட்டு, பரணில் ஒரு அட்டைப்பெட்டி. இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஞாயிறு விடுமுறை. ஒரே நாளில் வீடு முழுவதையும் கவிழ்க்கிறவர்கள் சாயங்காலம் 5 மணிக்குக் களைத்து, எல்லாவற்றையும் அள்ளி மறுபடி உள்ளே திணிப்பார்கள், முன்பைவிட மோசமாகும்.

பீரோத் தட்டை இப்படிச் செய்யுங்கள். முழுவதையும் கட்டிலில் எடுத்துப் போடுங்கள்; தட்டைத் துடைத்துப் பழைய செய்தித்தாளை மாற்றுங்கள். இப்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஒரே கேள்வி: போன கிறிஸ்துமஸ் முதல் இதை உடுத்தினோமா? உடுத்தியது ஒரு குவியல், உடுத்தாதது ஒரு குவியல், தைக்கவோ சாயம்போடவோ வேண்டியது ஒரு குவியல். உடுத்தியதை மட்டும் எண்ணுங்கள். ஆலயத்துக்கு 6, வேலைக்கு 8, வீட்டுக்கு 5 என்பது நம் ஊர் வெயிலுக்கும் துவைப்புக்கும் தாராளமாகப் போதும். உங்கள் எண் வேறாக இருக்கலாம். ஒரு சிறு தாளில் எழுதி பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். கல்யாணப் பட்டும் தாயின் நினைவாக வைத்திருக்கிற புடவையும் இந்தக் கணக்கில் வராது. அதை எறியச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தைக்க வேண்டிய குவியல் இரண்டு வாரத்துக்குள் தையல்காரரிடம் போகாவிட்டால் அது எப்போதும் போகாது.

இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன் என்றார் யோவான் ஸ்நானகன். கொடுக்கிற குவியலைக் கொடுக்கிற விதம் முக்கியம். ஜிப் வேலை செய்கிறதா பாருங்கள். பட்டன் வையுங்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, புடவையோடு அதன் ரவிக்கையையும் சேர்த்து மடித்துக் கொடுங்கள். கிழிந்த பனியனையும் கறை படிந்த சட்டையையும் 'இல்லாதவங்களுக்கு' என்று மூட்டை கட்டி அனுப்புவது அவமானப்படுத்துவது. அது வீட்டிலேயே கரித்துணியாகட்டும். பெனடிக்டின் மடத்தில் புது அங்கி கிடைத்ததும் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது ஏழைகளுக்குப் போகும். அதையே நாமும் செய்யலாம்: கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு ஒரு புதுத்துணி வருகிறது என்றால், டிசம்பர் 24-க்குள் ஆளுக்கு ஒரு நல்ல துணி வெளியே போயிருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: அவரவர் பொருளை அவரவரே தீர்மானிக்க வேண்டும். மாமியாரின் பித்தளைப் பாத்திரத்தை அவர் ஊருக்குப் போயிருக்கும்போது எடைக்குப் போட்டுவிட்டு எளிமை பேசினால், வீட்டில் சமாதானம் போனதுதான் மிச்சம்.

வசனம் எழுதிய காகிதங்கள்

கிறிஸ்தவ வீடுகளுக்கே உரிய ஒரு குவியல் உண்டு. ஐந்து வருட வசனக் காலண்டர்கள், வாக்குத்தத்த அட்டைகள், சபைப் பத்திரிகைகள், கன்வென்ஷன் கூட்ட நோட்டீஸ்கள், கைப்பிரதிகள், அட்டை கழன்ற வேதப் புத்தகங்கள். வசனம் இருக்கிறதே, எப்படிக் குப்பையில் போடுவது என்று பயந்து பரணில் ஏற்றி, கரையான் அரிக்க விடுகிறோம். கரையானுக்குக் கொடுப்பதா மரியாதை?

சுவரில் ஒரு காலண்டர். பத்திரிகைகள் கடைசி மூன்று மாதத்தினவை மட்டும். மீதியைப் பழைய காகிதக் கடைக்குப் போட்டால் பாவம் ஒன்றுமில்லை. மனம் கேட்காதவர்கள் தோட்டத்தில் எரித்துச் சாம்பலைச் செடிக்குப் போடலாம். காலண்டர் தாளின் பின்பக்கம் வெள்ளை. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படம் வரைய அருமையான தாள். வாக்குத்தத்த அட்டைகளில் இந்த வருடத்தினதை வேதத்தில் வையுங்கள். பழையவற்றை, நோயில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போகும்போது பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். கிழிந்த வேதப் புத்தகத்தைப் பைண்டிங் கடையில் கொடுத்தால் புது அட்டையோடு திரும்பிவரும். தாள் உதிராமல் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். ஆதியாகமத்தின் முதல் நான்கு தாளும் வெளிப்படுத்தலின் கடைசித் தாளும் தொலைந்தபின் கொடுத்துப் பயனில்லை.

கூட்டங்கள், வாட்ஸ்அப்

இதைச் சொல்லத் தயங்குவார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். பல குடும்பங்களின் ஒழுங்கின்மைக்குச் சபை நிகழ்ச்சிகளே காரணம். செவ்வாய் வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் பயிற்சி, மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம். வீட்டில் பிள்ளை தனியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறது. மார்த்தாளிடம் இயேசு குறை சொன்னது அவள் அநேக காரியங்களைக் குறித்துக் கலங்கியதைத்தான். ஞாயிறு ஆராதனை தவிர வாரத்தில் ஆளுக்கு ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையதில் ஒன்றைப் போதகரிடம் நேரில் சொல்லி விட்டுவிடுங்கள்.

ஜெப வாட்ஸ்அப் குழுக்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை மியூட் செய்யுங்கள். 'ஜெபிக்கிறேன்' என்று கைகூப்பிய படத்தைப் போட்டுவிட்டு மறப்பதைவிட, ஒரு நோட்டில் தேதி, பெயர், விண்ணப்பம், பதில் என்று நான்கு கட்டம் போட்டு எழுதுவது நேர்மையானது. ஒரு பக்கத்துக்கு ஏழு பெயர், நாளுக்கு ஒருவர்.

கைப்பிடி அரிசி

நம் தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் பாட்டிமார் செய்தது இது. மிசோரம் சபைகளில் 'புஃபை தாம்' என்ற பெயரில் 1910 முதல் நடக்கிறது. சோற்றுக்கு அரிசி அளந்ததும், கழுவுமுன், அந்த அளவிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. மூட்டையிலிருந்து கூடுதலாக எடுப்பதில்லை. நம் சாப்பாட்டிலிருந்து குறைப்பது. ஒரு கைப்பிடி ஏறத்தாழ 50 கிராம் என்றால் ஒருவேளைச் சமையலுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ சேரும். கலயத்துக்கு அகன்ற வாயும் இறுக்கமான மூடியும் வேண்டும். கை ஈரமாக இருக்கும்போது எடுத்தால் அரிசி கட்டிப்பட்டு வண்டு விழும். அதனால் காய் நறுக்குமுன், உலர்ந்த கையால் எடுங்கள். நான்கைந்து காய்ந்த மிளகாயோ ஒரு பிடி உலர்ந்த வேப்பிலையோ உள்ளே போட்டு வைக்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் தேக்கக் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் அரிசி வாங்குவார்கள் என்றால் அங்கே. இல்லாவிட்டால் தெருவில் அடுப்பு எரியாத வீடு எது என்று உங்களுக்கே தெரியும். அரிசியைப் பையில் கொட்டி, கலயத்தைத் துடைத்து வெயிலில் கவிழ்த்துவிட்டு ஆலயத்துக்குப் புறப்படுங்கள். திரும்பி வரும்போது காய்ந்திருக்கும்.